பூமியோடு காற்றும் சேர்ந்து சுற்றுகிறதே, அதை இழுத்துச் செல்வது எது?

#1 ஆதிரை, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் நேற்று ஒரு கேள்வி கேட்டாள். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. நிலநடுக்கோட்டில் தரையின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 1,670 கி.மீ. அப்படியானால் கிழக்கிலிருந்து அதே வேகத்தில் காற்று நம் முகத்தில் அறைய வேண்டும் அல்லவா? ஏன் அறையவில்லை?

"பூமியின் ஈர்ப்பு விசை காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது" என்றேன். "ஈர்ப்பு கீழேதானே இழுக்கும்? பக்கவாட்டில் எப்படி இழுக்கும்?" என்று திருப்பிக் கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மழுப்பவும் மனமில்லை. அதனால் இங்கே கேட்கிறேன். விளக்கம் நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

#2 கிழக்குவானம், இரவு 9.24

ஓடும் ரயிலுக்குள் ஒரு பந்தை மேலே தூக்கிப் போடுங்கள். கைக்கே திரும்பி வரும். பெட்டிக்குள் இருக்கும் காற்றும் ரயிலோடு சேர்ந்தே ஓடுகிறது. பூமியும் அப்படித்தான்.

#3 ஆதிரை, இரவு 9.41

ரயில் உதாரணத்தை நானும் சொல்லிப் பார்த்தேன், கிழக்குவானம். "ஜன்னலைத் திறந்தால் காற்று அடிக்கிறதே? ரயிலுக்குக் கூரையும் சுவரும் இருக்கின்றன, பூமிக்கு எதுவும் இல்லையே?" என்கிறாள். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.

#4 பாய்மம், இரவு 10.35

உங்கள் மகள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். ரயில் உதாரணம் அங்கேதான் உடைகிறது. ஏன் உடைகிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஜன்னலைத் திறந்தால் ஏன் காற்று அடிக்கிறது? வெளியே வேறொரு காற்று இருக்கிறது. அது தரையோடு ஒட்டி நிற்கிறது, ரயில் அதைக் கிழித்துக்கொண்டு போகிறது. இப்போது பூமியின் ஜன்னலைத் திறந்து பாருங்கள். வெளியே என்ன இருக்கிறது? வெற்றிடம். நம் வளிமண்டலத்தைப் பிடித்து நிறுத்த அங்கே எதுவுமே இல்லை. கூரையின் வேலை வெளிக்காற்றைத் தடுப்பது. வெளிக்காற்றே இல்லாத இடத்தில் கூரை எதற்கு?

அடுத்ததாக, கேள்வியில் ஒளிந்திருக்கும் ஓர் அனுமானத்தைக் கவனியுங்கள். "காற்றை இழுத்துச் செல்வது எது?" என்று கேட்கும்போது, காற்று முதலில் சும்மா நின்றுகொண்டிருந்தது, பிறகு யாரோ அதை இழுக்க ஆரம்பித்தார்கள் என்று நாமாகவே வைத்துக்கொள்கிறோம். அப்படி ஒரு காலம் இருந்ததே இல்லை. சூரியக் குடும்பம் உருவான வாயு, தூசி மேகமே சுழன்றுகொண்டுதான் இருந்தது. அதிலிருந்து திரண்ட பூமியும் சுழன்றது. இன்று நம்மிடம் இருக்கும் வளிமண்டலத்தின் பெரும்பகுதி அந்தப் பூமியின் வயிற்றுக்குள்ளிருந்து எரிமலைகள் வழியாக வெளிவந்தது. ஓர் எரிமலை வாயை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும் பீறிட்டு வருகின்றன. அந்த எரிமலை நிலநடுக்கோட்டில் இருந்தால் நொடிக்கு 465 மீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. அதற்குள் இருந்த வாயுவும் அதே வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. வெளியே வந்தவுடன் அந்த வேகத்தை அது ஏன் இழக்க வேண்டும்? வால்மீன்களும் விண்கற்களும் கொண்டுவந்த பங்கும் உண்டு. அதுவும் வந்து விழுந்து, ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்த காற்றோடு மோதிக் கலந்துவிட்டது.

சுழலும் ஒன்று வெளியிலிருந்து திருப்பு விசை எதுவும் படாதவரை அதே கோண உந்தத்தோடு (நிறை, வேகம், அச்சிலிருந்து உள்ள தூரம் மூன்றையும் பெருக்கினால் கிடைக்கும் சுழற்சியின் அளவு) சுழன்றுகொண்டே இருக்கும். பாறைக்குப் பொருந்தும் இந்த விதிதான் காற்றுக்கும். காற்று சுற்றுவதற்குத் தனியாக ஒரு காரணம் தேட வேண்டியதில்லை. அது பூமியோடு சேராமல் போவதாக இருந்தால்தான் ஒரு காரணம் வேண்டும்.

#5 மலைமுகடு, இரவு 10.52

ஈர்ப்புக்குப் பங்கே இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஈர்ப்பு இல்லாவிட்டால் காற்று சிதறிப் போய்விடும் அல்லவா?

#6 பாய்மம், இரவு 11.03

சிதறிப் போய்விடும், அதில் சந்தேகமே இல்லை. காற்று ஓடிப்போகாமல் பூமியோடு பிடித்து வைத்திருப்பது ஈர்ப்புதான், மலைமுகடு. வட்டப் பாதையில் வளைந்து போவதற்குத் தேவையான உள்நோக்கிய இழுப்பும் அதிலிருந்தே வருகிறது. ஆனால் அந்த விசை மையத்தை நோக்கியது. மையத்தை நோக்கி இழுக்கும் விசையால் ஒரு பொருளின் சுழற்சியைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. கதவைக் கீல் பக்கமாக அழுத்திப் பாருங்கள், எவ்வளவு அழுத்தினாலும் கதவு திறக்காது. சிறுமி சொன்னது அப்படியே சரி.

#7 செங்கோணம், இரவு 11.20

பாய்மம் சொன்னதில் எனக்கு ஒரு நெருடல். "காற்று ஆரம்பத்திலிருந்தே சுற்றுகிறது, அதை நிறுத்த யாரும் இல்லை" என்பதோடு விட்டுவிட்டால் கணக்கு உதைக்கிறது.

காற்று ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. நிலநடுக்கோட்டில் சூடாகி மேலே எழுந்து, வடக்கும் தெற்குமாக 30 பாகை அட்சரேகை வரை போகிறது. அங்கே அது பூமியின் அச்சுக்கு இன்னும் நெருங்கிவிடுகிறது. கோண உந்தம் மாறாமல் இருக்க வேண்டுமானால் வேகம் கூடியாக வேண்டும். பனிச்சறுக்கு ஆடுபவர் கைகளை உள்ளே இழுத்துக்கொள்ளும்போது வேகமாகச் சுழல்கிறாரே, அதேதான். நிலநடுக்கோட்டில் தரையோடு ஒட்டி நின்ற ஒரு காற்றுப்பொதி எந்த உராய்வும் இல்லாமல் 30 பாகைக்குப் போனால், அங்கிருக்கும் தரையைவிட நொடிக்கு 134 மீட்டர் வேகமாகக் கிழக்கே ஓட வேண்டும். மணிக்கு 480 கி.மீ.க்கும் மேல். அந்த உயரத்தில் ஜெட் காற்றோட்டம் (மேலே ஓர் ஆறு போலப் பாயும் காற்று) பலமாகத்தான் வீசுகிறது, ஆனால் சராசரியாக அந்த அளவுக்கு இல்லை. தரையிலோ அப்படி எதுவுமே வீசுவதில்லை.

ஆகவே வெறும் கோண உந்தக் காப்பு போதாது. பூமி காற்றைத் தொடர்ந்து திருத்திக்கொண்டே இருக்கிறது. அந்தத் திருத்தம் உராய்வின் வழியாக வருகிறது. அதைச் சொல்லாமல் விட்டால் விடை பாதிதான்.

#8 பாய்மம், இரவு 11.58

முழுக்க ஏற்கிறேன். உராய்வைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

தரையை ஒட்டி என்ன நடக்கிறது என்று கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒரு நைட்ரஜன் மூலக்கூறு நொடிக்கு ஏறக்குறைய 475 மீட்டர் வேகத்தில் பறந்து வந்து ஒரு பாறையில் மோதுகிறது. அந்தப் பரப்பு, அணுவின் அளவில் பார்த்தால், கரடுமுரடான மலைத்தொடர். மூலக்கூறு ஒரு கணம் அங்கே சிக்கிக்கொள்கிறது, பிறகு ஏதோ ஒரு திசையில் தெறிக்கிறது. தெறிக்கும்போது அது எந்தத் திசையிலிருந்து வந்தது என்பது மறந்துபோய்விடுகிறது. பாறையின் வேகம் மட்டும் அதோடு ஒட்டிக்கொள்கிறது. இப்படிக் கோடானுகோடி மோதல்களின் சராசரியை எடுத்தால், பாறையை உரசி நிற்கும் காற்று பாறையின் வேகத்திலேயே இருக்கும். பாய்மவியலில் இதை வழுக்காமை நிபந்தனை என்பார்கள். மின்விசிறியின் இறக்கை அத்தனை வேகமாகச் சுற்றியும் அதன்மேல் தூசி படிந்து கிடக்கிறதே, இறக்கையை ஒட்டிய காற்று இறக்கையோடு சேர்ந்தே போகிறது என்பதற்கு வீட்டுக்குள்ளேயே இருக்கும் சாட்சி அது.

இனி அந்த வேகம் மேலே எப்படி ஏறுகிறது? மூலக்கூறுக்கு மூலக்கூறு கைமாற்றிக் கொடுத்து ஏறுவதென்றால் காத்திருந்து மாளாது. காற்றின் பாகுநிலை, அதாவது அடுக்குக்கு அடுக்கு ஒட்டி இழுக்கும் பிசுபிசுப்பு, அவ்வளவு குறைவு. பத்து கி.மீ. உயரத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேர சுமார் 2 லட்சம் ஆண்டுகள் ஆகும். சுலபமான கணக்குதான்: உயரத்தின் வர்க்கத்தைக் காற்றின் இயக்கப் பாகுநிலையால் (பாகுநிலையை அடர்த்தியால் வகுத்தது) வகுத்தால் போதும்.

உண்மையில் அவ்வளவு காலம் ஆவதில்லை. காரணம் கொந்தளிப்பு. தரையில் மரம், கட்டடம், குன்று என்று மேடுபள்ளங்கள். வெயிலில் தரை சூடாகிக் காற்று குமிழ்குமிழாக எழுகிறது. இந்தச் சுழிகள் ஒவ்வொன்றும் பெரிய பெரிய காற்றுப்பொதிகளை அப்படியே தூக்கிக் கொண்டுபோய் மேலே போடுகின்றன, மேலே இருப்பதைக் கீழே கொண்டுவருகின்றன. தரையை ஒட்டிய முதல் ஒரு கி.மீ. அடுக்கு ஏறக்குறைய ஒரு நாளுக்குள் கலந்துவிடுகிறது. சூரியன் புதிதாக ஆற்றல் தராமல் நின்றுவிட்டால், இப்போது வீசிக்கொண்டிருக்கும் எல்லாக் காற்றும் உராய்ந்து உராய்ந்து ஒரு வாரம் பத்து நாளில் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். அப்புறம் வளிமண்டலம் முழுவதும் பூமியோடு பூட்டியதுபோல் சுற்றும்.

என் மனதில் இதை இப்படி வைத்துக்கொண்டிருக்கிறேன்: சுழற்சி பிறவியிலேயே வந்தது. உராய்வு அதைக் கலையாமல் பார்த்துக்கொள்கிறது. நாம் "காற்று" என்று உணர்வதெல்லாம் வெயில் மூட்டிவிடும் சிறு வித்தியாசம் மட்டுமே. நொடிக்கு 465 மீட்டரில் சில மீட்டர் கூடக் குறைய.

#9 கிழக்குவானம், காலை 6.45

அந்தச் "சில மீட்டர்" என்பதை நினைத்துப் பார்க்கிறேன். பூமி மட்டும் திடீரென்று நின்று, காற்று நிற்காமல் போனால் நிலநடுக்கோட்டில் ஒலியின் வேகத்தைவிட அதிக வேகத்தில் காற்று வீசும். 465 எங்கே, ஒலியின் 340 எங்கே. நாம் அமைதியான மாலை என்று சொல்லும் நேரத்திலும் அவ்வளவு வேகம் தரைக்கும் காற்றுக்கும் பொதுவாக ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது.

#10 ஆதிரை, மாலை 5.30

இன்று விடுமுறை என்பதால் இருவரும் ஒரு சோதனை செய்து பார்த்தோம். செங்கோணம் தனிமடலில் சொன்ன யோசனை. வீட்டில் பழைய இசைத்தட்டு இயந்திரம் ஒன்று இருக்கிறது, நிமிடத்துக்கு 33 சுற்று. அதன் நடுவில் 20 செ.மீ. அகலமுள்ள தட்டையான கண்ணாடிக் கிண்ணத்தை வைத்து, 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, நன்றாக அசைவு அடங்கியதும் காகிதத் துணுக்குகளைத் தூவினோம். கிண்ணத்தின் விளிம்பில் ஒரு சிவப்புப் புள்ளி.

இயந்திரத்தைப் போட்டதும் சிவப்புப் புள்ளி சுற்ற ஆரம்பித்தது. துணுக்குகள் அப்படியே நின்றன! "பாருங்கள், இதைத்தான் கேட்டேன், தரை மட்டும் சுற்றுகிறது" என்று குதித்தாள். சில நொடிகளில் சுவரை ஒட்டியிருந்த துணுக்குகள் மெல்ல நகரத் தொடங்கின. பிறகு அடுத்த வளையம். நடுவில் இருந்தவை கடைசிவரை அடம்பிடித்தன. ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் எல்லாத் துணுக்குகளும் சிவப்புப் புள்ளியோடு சேர்ந்து, ஒட்டிவைத்ததுபோல் ஒன்றாகச் சுற்றின. தண்ணீரின் மேற்பரப்பு நடுவில் குழிந்து, ஓரத்தில் அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஏறியிருந்தது.

அப்புறம் அவளாகவே ஒன்று செய்தாள். தலையை இயந்திரத்தோடு சேர்த்துச் சுற்ற முடியாது என்பதால், அலைபேசியைக் கிண்ணத்தின் ஓரத்தில் பொருத்தி வீடியோ எடுத்தாள். அதில் பார்த்தால் தண்ணீர் அசையவே இல்லை. துணுக்குகள் நின்ற இடத்தில் நிற்கின்றன, வீடு மட்டும் சுற்றுகிறது. "நாம் அந்த போன் இருக்கும் இடத்தில் இருக்கிறோம்" என்றாள்.

#11 செங்கோணம், மாலை 6.15

அருமை, அருமை. அந்த வீடியோ ஒன்று போதும்.

ஒரு சிறு குறிப்பு மட்டும். தண்ணீரின் பாகுநிலை மட்டும் வேலை செய்திருந்தால் அந்தக் கிண்ணத்துக்கு மணிக்கணக்கில் ஆகியிருக்கும். இரண்டு நிமிடத்தில் முடிந்ததற்குக் காரணம் அடியில் இருக்கும் மெல்லிய அடுக்கு. கிண்ணத்தின் தரையோடு ஒட்டிய தண்ணீர் முதலில் சுற்றத் தொடங்கி வெளிப்பக்கமாக வீசப்படுகிறது. அதன் இடத்தை நிரப்ப நடுவிலிருந்து தண்ணீர் கீழே இறங்குகிறது. இப்படி எல்லாத் தண்ணீரும் முறைவைத்து அடித்தளத்தைத் தொட்டுவிட்டு வருகிறது. வளிமண்டலத்திலும் இதே ஏற்பாடு உண்டு, எக்மன் அடுக்கு என்று பெயர்.

#12 வெண்மீன், இரவு 8.05

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எல்லாம் அழகாகப் பொருந்துகிறது. இப்போது வெள்ளிக் கோளை எடுத்துக்கொண்டு வந்து நடுவில் வைக்கிறேன்.

வெள்ளி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 பூமி நாட்கள் எடுத்துக்கொள்கிறது, அதுவும் கிழக்கிலிருந்து மேற்காக. அதன் நிலநடுக்கோட்டில் தரையின் வேகம் மணிக்கு ஆறரை கி.மீ. கொஞ்சம் எட்டிப்போட்டு நடந்தால் நாமே ஈடு கொடுத்துவிடலாம். ஆனால் 70 கி.மீ. உயரத்தில் அதன் மேகங்கள் கோளை நான்கு நாளில் ஒரு சுற்று சுற்றி முடிக்கின்றன. நொடிக்கு 100 மீட்டர். தரையைவிட ஏறக்குறைய 60 மடங்கு வேகம்.

உராய்வு தான் காற்றைத் தரையோடு சேர்த்து வைக்கிறது என்றால், வெள்ளியில் அது தோற்றுப்போகிறதா? தரை மெல்ல நகர, காற்று தலைதெறிக்க ஓடுகிறதே, அந்த வேகம் எங்கிருந்து வந்தது? தரையிடம் இல்லாத வேகத்தைத் தரை எப்படிக் கொடுத்திருக்க முடியும்?

இது புத்தகக் கணக்கு மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1985 ஜூனில் சோவியத் ஒன்றியத்தின் வேகா 1, வேகா 2 விண்கலங்கள் வெள்ளியின் காற்றில் ஆளுக்கொரு பலூனை இறக்கிவிட்டுப் போயின. ஹீலியம் நிரப்பிய, மூன்றரை மீட்டர் அகலமுள்ள பலூன்கள். 54 கி.மீ. உயரத்தில், நம் தரையில் இருப்பதில் பாதி அளவு காற்றழுத்தத்தில், அவை மிதந்தன. நள்ளிரவுப் பக்கத்தில் இறங்கிய அவற்றைக் காற்று பகல் பக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது. மின்கலம் தீரும்வரை, சுமார் 46 மணி நேரத்தில், ஒவ்வொன்றும் 11,000 கி.மீ.க்கும் மேல் போயிருந்தது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் வேறு. பலூனில் காற்றின் வேகத்தை அளக்க ஒரு சிறு விசிறி இருந்தது, ஆனால் அது அளந்தது மேலும் கீழுமான காற்றை மட்டும். மணிக்கு 240 கி.மீ. வேகத்தில் கிடைமட்டமாகப் பறந்துகொண்டிருந்த பலூனுக்குப் பக்கவாட்டில் காற்றே தெரியாது. அதுவும் காற்றோடு காற்றாகப் போய்க்கொண்டிருந்தது. பூமியிலிருந்த ரேடியோ தொலைநோக்கிகள்தான் அதன் வேகத்தைக் கண்டுபிடித்தன. ஆதிரையின் மகள் கிண்ணத்தில் வைத்த போன் மாதிரி.

#13 பாய்மம், இரவு 9.40

சரியான நேரத்தில் வந்தீர்கள், வெண்மீன். நான் "உராய்வு கலையாமல் பார்த்துக்கொள்கிறது" என்று எழுதியது பூமிக்குப் பொருந்துகிறது. வெள்ளிக்கு அதை அப்படியே நீட்ட முடியாது. திருத்திக்கொள்கிறேன்.

முதலில் உராய்வு தோற்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். 1975இல் வெனிரா 9, 10 கலங்கள் வெள்ளியின் தரையில் இறங்கியபோது அங்கே அளந்த காற்று நொடிக்கு அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரைதான். தரைக்குப் பக்கத்தில் காற்று தரையோடுதான் இருக்கிறது. மேலே போகப் போகத்தான் வேகம் ஏறுகிறது. ஆங்கிலத்தில் சூப்பர் ரொட்டேஷன் என்பதை நாம் மிகைச்சுழற்சி என்று வைத்துக்கொள்வோம்.

அந்த மிகை எப்படி வருகிறது? செங்கோணம் போட்ட பனிச்சறுக்குக் கணக்கால் இதை விளக்க முடியாது. அச்சிலிருந்து மிக விலகிய இடம் நிலநடுக்கோடு. அங்கே தரையோடு நிற்கும் காற்றைவிட அதிகக் கோண உந்தத்தை வேறு எங்கிருந்தும் வெறுமனே நகர்த்திக் கொண்டுவந்துவிட முடியாது, ஏனென்றால் வேறெங்கும் அவ்வளவு இல்லை. ரேமண்ட் ஹைட் என்ற இயற்பியலாளர் 1969இல் இதைத் தெளிவாகக் காட்டினார். நிலநடுக்கோட்டில் காற்று தரையை முந்த வேண்டுமானால் அலைகளோ சுழிகளோ கோண உந்தத்தை அங்கே தள்ளிக் குவிக்க வேண்டும், வேறு வழியில்லை.

வெள்ளியில் அந்த அலை எது என்று பல ஆண்டுகள் விவாதம் நடந்தது. ஜப்பானின் அகாட்சுகி விண்கலம் 2015 டிசம்பரிலிருந்து வெள்ளியைச் சுற்றி வந்து மேகங்களைப் படம்பிடித்தது. அந்தப் படங்களில் மேகத் துணுக்குகள் மணிக்கு மணி எப்படி நகர்கின்றன என்று பின்தொடர்ந்து, 2020இல் விடையை வெளியிட்டார்கள்: வெப்ப ஓதம். பகல் பக்கம் சூடாகி, இரவுப் பக்கம் குளிர்ந்து, கோளைச் சுற்றி ஓர் அலை எழுகிறது. அது நிலநடுக்கோட்டு மேகங்களின் உச்சிக்குக் கோண உந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. நீங்கள் தூவிய துணுக்குகள் மாதிரிதான், ஆதிரை. அவர்களுக்குத் துணுக்குகள் மேகத்தின் கீற்றுகள்.

மொத்தக் கணக்கில் எதுவும் மாயமாக வரவில்லை. மேலே இருக்கும் காற்று கூடுதலாகச் சுற்றினால், அந்தக் கூடுதல் கீழே இருக்கும் காற்றிலிருந்தும் தரையிலிருந்தும் எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும், இல்லையேல் சூரியன் ஓதத்தின் வழியாகக் கொடுத்ததாக இருக்க வேண்டும்.

சனியின் துணைக்கோளான டைட்டனும் இப்படித்தான். அது 16 நாளுக்கு ஒருமுறை மெதுவாகச் சுற்றுகிறது. 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் கலம் பாரசூட்டில் இறங்கியபோது 120 கி.மீ. உயரத்தில் நொடிக்குச் சுமார் 120 மீட்டர் காற்று அதை அடித்துக்கொண்டு போனது. தரையில் இறங்கும்போது தென்றல்கூட இல்லை என்று சொல்லலாம்.

#14 மலைமுகடு, இரவு 10.10

அப்படியானால் நம் பூமியிலும் கொஞ்சம் மிகைச்சுழற்சி இருக்கிறதா?

#15 செங்கோணம், இரவு 10.48

இருக்கிறது, மிகச் சிறிதளவு. மொத்த வளிமண்டலத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால், அது பூமியைவிட ஒன்றரை சதவீதம் போலக் கூடுதலான கோண உந்தத்தோடு கிழக்கே ஓடுகிறது. மேற்கிலிருந்து வீசும் ஜெட் காற்றோட்டங்கள் கிழக்கிலிருந்து வீசுபவற்றைவிடப் பலமானவை என்பதே காரணம்.

மலைமுகடு, உங்கள் பெயருக்கே ஒரு பங்கு இந்தக் கதையில் உண்டு. பூமியும் காற்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வது வெறும் உரசலால் மட்டும் இல்லை. ராக்கி, ஆண்டிஸ், இமயம் போன்ற பெரிய மலைத்தொடர்களின் ஒரு பக்கம் காற்றழுத்தம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்கும்போது, காற்று அந்த மலையைப் பிடித்துத் தள்ளுகிறது. மலை திருப்பித் தள்ளுகிறது. பல்சக்கரத்தின் பல் போல.

இந்தக் கொடுக்கல்வாங்கல் இரண்டு வழியிலும் நடக்கிறது. வெப்பமண்டலத்தில் வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசுகிறது. அதாவது அது தரையைவிடப் பின்தங்கியிருக்கிறது. தரை அதைக் கிழக்கே இழுத்து வேகம் கொடுக்கிறது. மிதவெப்ப அட்சரேகைகளில் மேற்கிலிருந்து வீசும் மேலைக்காற்று தரையை முந்துகிறது. அங்கே காற்று அந்த வேகத்தைத் தரைக்குத் திருப்பிக் கொடுக்கிறது. வாங்கியதும் கொடுத்ததும் நீண்டகாலத்தில் நேராகிவிடும். குறுகிய காலத்தில் நேராகாது. அந்த மிச்சம் நாளின் நீளத்தில் தெரிகிறது.

ஆமாம், நாளின் நீளத்தில்! வளிமண்டலத்தின் நிறை பூமியின் நிறையில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் வட கோளத்துக் குளிர்காலத்தில் மேலைக்காற்று பலமடையும்போது காற்றின் கோண உந்தம் கூடுகிறது. அந்த அளவுக்குத் திடமான பூமி மெல்ல மந்தமாகிறது, நாள் நீள்கிறது. ஜூலை, ஆகஸ்டில் நாள் குறுகுகிறது. வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மில்லிநொடி. 1982-83இன் பெரிய எல் நினோவின்போதும் (பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிகழ்வு), ஜனவரி 1983 வாக்கில், நாளின் நீளம் கிட்டத்தட்ட அதே அளவு கூடியது. அணுக்கடிகாரங்களையும் குவேசார்கள் என்னும் மிகத் தொலைதூர ஒளிமூலங்களைப் பார்க்கும் ரேடியோ தொலைநோக்கிகளையும் வைத்து அளக்கும் பூமியின் சுழற்சியும், பலூன்களையும் வானிலை நிலையங்களையும் வைத்துக் கூட்டும் காற்றின் சுழற்சியும் ஒரே வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்துவதை முதன்முதலில் பார்த்த நாளை என்னால் மறக்க முடியாது.

#16 கிழக்குவானம், இரவு 11.05

காற்று பூமியோடு சுற்றுவது எந்த உயரத்தோடு முடிகிறது?

#17 வெண்மீன், இரவு 11.30

கோடு போட்டு முடிவதில்லை. 500, 600 கி.மீ.க்கு மேலே மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுவதே அரிதாகிவிடும். அங்கே ஒவ்வொன்றும் எறிந்த கல் போலத் தன் பாதையில் தனியாகப் போகிறது. அதற்குக் கீழே 200, 300 கி.மீ. உயரத்தில்கூடக் காற்று சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. 1960களில் டெஸ்மண்ட் கிங்-ஹீலி இதைச் செயற்கைக்கோள்களின் பாதையிலிருந்தே கண்டறிந்தார். சுற்றும் காற்று பக்கவாட்டில் உரசுவதால் பாதையின் சாய்வு மிக மெல்ல மாறும். அந்த மாற்றத்தை அளந்தால் காற்றின் சுழற்சி கிடைத்துவிடும்.

அதைவிட மேலே, மின்னூட்டமுள்ள துகள்களைப் பூமியின் காந்தப்புலம் தன்னோடு சுழற்றுகிறது. பூமியின் ஆரத்தைப்போல நான்கைந்து மடங்கு தூரம் வரை.

#18 மலைமுகடு, மறுநாள் காலை 7.20

வியாழனுக்குத் தரையே கிடையாதே. அங்கே எது எதோடு சேர்ந்து சுற்றுகிறது?

#19 பாய்மம், காலை 8.15

அங்கே கோளே காற்றுதான். உள்ளே இருக்கும் காந்தப்புலம் 9 மணி 55 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது, அதையே கோளின் நாள் என்று வைத்துக்கொள்கிறார்கள். மேகப் பட்டைகள் அதற்கு முன்னும் பின்னுமாக நொடிக்கு 100 மீட்டருக்கும் மேல் ஓடுகின்றன. அந்த ஓட்டம் எவ்வளவு ஆழம் போகிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. ஜூனோ கலம் வியாழனின் ஈர்ப்பை நுட்பமாக அளந்து, 2018இல் விடை வந்தது: சுமார் 3,000 கி.மீ. அதற்குக் கீழே எல்லாம் ஒரே உருளைபோல ஒன்றாகச் சுற்றுகிறது. அந்த ஆழத்தில் ஹைட்ரஜன் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குவதால் காந்தப்புலம் அதைப் பிடித்துக்கொள்கிறது என்பது இப்போதைய விளக்கம். தரையின் வேலையைக் காந்தம் பார்க்கிறது.

#20 இரவுக்காவல், காலை 10.02

இந்தக் கேள்வி எவ்வளவு பழையது என்று யாரும் சொல்லவில்லையே. ஆரியபட்டர் 499இல் பூமி சுழல்கிறது என்று எழுதினார். படகில் போகிறவனுக்குக் கரை பின்னால் போவதுபோல, நமக்கு விண்மீன்கள் மேற்கே போவதாகத் தெரிகிறது என்பது அவர் சொன்ன உவமை. அடுத்த தலைமுறையில் வராகமிகிரர் மறுத்தார். பூமி சுழன்றால் வானில் பறக்கும் பருந்துகள் தங்கள் கூட்டுக்குத் திரும்ப முடியாது, கொடிகள் எப்போதும் மேற்கு நோக்கியே பறந்துகொண்டிருக்கும் என்பது அவர் வாதம். ஆதிரையின் மகள் கேட்டதும் அதேதான்! வராகமிகிரரைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காற்று தானாக நிற்கக்கூடியது என்று நினைத்தால் அந்த வாதத்தில் ஓட்டையே கிடையாது. பதினான்காம் நூற்றாண்டில் பிரான்சின் நிக்கோல் ஓரேம், காற்றும் பூமியோடு சேர்ந்தே சுற்றும் என்று வைத்துப் பார்த்தால் இந்த ஆட்சேபங்கள் எல்லாம் கரைந்துபோகும் என்று காட்டினார். 1543இல் கோப்பர்நிக்கஸும் அதையே சொன்னார்.

இன்னொன்று. உயரத்திலிருந்து விழும் பொருள் பூமி சுழல்வதால் பின்தங்கி மேற்கே விழும் என்றுதான் பழைய ஆட்சேபம். உண்மையில் நேர்மாறு. உயரத்தில் இருக்கும் பொருள் அச்சிலிருந்து சற்று அதிகத் தூரத்தில் இருப்பதால் அதன் கிழக்கு வேகம் தரையைவிடக் கொஞ்சம் கூடுதல். அதனால் கிழக்கே விழும். 1831இல் ஃபெர்டினாண்ட் ரைக் ஜெர்மனியின் ஃப்ரைபெர்கில் 158 மீட்டர் ஆழமுள்ள சுரங்கக் குழியில் குண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு அளந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட முறை போட்டதன் சராசரி, கிழக்கே 28 மில்லிமீட்டர்.

#21 ஆதிரை, இரவு 9.15

எல்லாவற்றையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். வராகமிகிரரின் பருந்து அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. வெள்ளியைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு ஒரு கேள்வி. "பூமியில் காற்று கூடக் குறைய ஆனால் நாள் ஒரு மில்லிநொடி மாறுகிறது. வெள்ளியின் காற்று நம்முடையதைவிட எவ்வளவோ கனம். அது தரையைப் பிடித்துத் தள்ளாதா?" நான் பதில் சொல்ல முயலவில்லை. உங்களிடமே கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

#22 வெண்மீன், இரவு 9.50

தள்ளுகிறது! அவளிடம் இப்போதே சொல்லுங்கள், தூங்குவதற்குள். வெள்ளியின் காற்று நம்முடையதைப்போல 90 மடங்குக்கும் மேல் நிறையுள்ளது, அதன் தரையோ மிக மெதுவாகச் சுற்றுகிறது. பூமியிலிருந்து ரேடார் கற்றையை வெள்ளியின்மேல் பாய்ச்சி, திரும்பிவரும் எதிரொலியை 2006 முதல் 2020 வரை பலமுறை அளந்திருக்கிறார்கள். அதன் சுழற்சிக் காலம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறியிருந்தது. 243 நாளில் சுமார் 20 நிமிடம் வரை. காற்று தரையோடு கோண உந்தத்தைக் கொடுத்து வாங்குவதால்தான் இந்த ஏற்ற இறக்கம் என்கிறார்கள்.

வெள்ளி ஏன் அவ்வளவு மெதுவாக, அதுவும் தலைகீழாகச் சுற்றுகிறது என்பதற்கே அதன் காற்று ஒரு காரணமாக இருக்கலாம் என்ற கருத்து 1960களின் கடைசியிலிருந்து இருக்கிறது. சூரியனின் ஈர்ப்பு வெள்ளியின் பாறையில் எழுப்பும் ஓதம் (கடலில் எழும் ஓதம்போல ஒரு மெல்லிய வீக்கம்) ஒரு பக்கம் திருப்பப் பார்க்கிறது. சூரியனின் வெப்பம் காற்றில் எழுப்பும் ஓதம் எதிர்ப்பக்கம் திருப்பப் பார்க்கிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் வெள்ளி வந்து நிலைத்திருக்கிறது என்பது அந்தக் கருத்து.

#23 ஆதிரை, இரவு 10.04

சொல்லிவிட்டேன். "அப்போ அங்கே காற்றுதான் கோளை இழுக்கிறது" என்றாள். நாளை கிண்ணத்தை நிற்க வைத்துவிட்டு, தண்ணீரை மட்டும் கரண்டியால் சுற்றிப் பார்க்கப் போகிறாளாம், கிண்ணம் நகர்கிறதா என்று. இசைத்தட்டு இயந்திரத்தின் பட்டையைக் கழற்றினால் தட்டு தடையில்லாமல் சுழலும் அல்லவா? செங்கோணம், கழற்றுவது எப்படி என்று சொல்லுங்கள்.